ஒரு நாளில் இரண்டு தீவுகள்

அந்தமான் என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் ஜெயில்தான் ஞாபகம் வருகிறது. சிறுசுகளுக்கோ நீலக் கடலும் மீன்களும். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு. ஆகவே, பொங்கல் கழிந்த கையோடு கிளம்பியபோதே, செல்லுலார் ஜெயிலுக்கு ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள் என்று பஞ்சாயத்துப் பேசி முடித்துக் கொண்டோம். ஜெயிலைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நான் எழுதப் போவது அந்தக் கடல் நாளைப் பற்றி. ஸ்பீட் போட்டில் ஏறி இரண்டு தீவுகளைச் சுற்றி, தண்ணீருக்குள் முகத்தை நுழைத்துப் பவளப் பாறைகளையும் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் திரும்பி வந்த கதை இது. குழந்தை குட்டிகளோடு போக நினைக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

போனவர்கள் ஐந்து பேர். நான், என் கணவர், காலேஜில் முதல் வருஷம் படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன், என் நாத்தனார். நாத்தனார் இவருக்கு மூத்தவர். வயது ஐம்பத்தெட்டு. அண்ணன் தவறிய பிறகு நாலு வருஷமாகக் கோயில், ஆஸ்பத்திரி தவிர எங்கும் போனதில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றவரை, "அத்தை வரலேன்னா நானும் வரல்லே" என்று அடம் பிடித்து அழைத்து வந்தது என் மகள்தான்.

ஊரும் பேரும்

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். நாம் போர்ட் பிளேர் என்று படித்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ராஜேந்திர சோழன் கடல் கடந்து போய் வென்ற ஸ்ரீவிஜயத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஆட்டோக்காரர் முதல் காய்கறிக்காரர் வரை எல்லோர் வாயிலும் இன்னும் போர்ட் பிளேர்தான். பாஷைக்குக் கவலையே வேண்டாம். தமிழர்கள் ஏராளம். கடைத்தெருவில் "என்னம்மா வேணும்?" என்று நம்மைப் பார்த்ததுமே கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடிகாரம் நம் கடிகாரம்தான். ஆனால் சூரியன் நம்மை முந்திக் கொண்டு வந்துவிடுகிறது. ஜனவரியிலேயே ஆறு மணிக்கு முன் பளிச்சென்று விடிந்துவிடும். மாலை ஐந்தரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும். எனவே தீவுப் பயணம் என்றால் காலையில் முதல் படகாகப் பார்த்துக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

ஏறும் முன்னே ஒரு வார்த்தை

அபர்டீன் பஜார் பக்கத்துப் படகுத் துறையிலிருந்து தீவுகளுக்குப் படகுகள் கிளம்புகின்றன. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமியில் மறைந்தவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. நாத்தனார் அதன் முன் நின்று ஒரு நிமிஷம் கை கூப்பினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 ஜனவரி 26-ம் தேதி இதே கடலில், ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் இடையே ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 21 பேர் இறந்து போனார்கள். அதில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து ஆசையோடு போன நம் ஊர் மனிதர்கள். ஏற்றலாம் என்ற அளவைவிட அதிகமான பேரை ஏற்றியிருந்தார்கள். கிளம்புவதற்கு முன் இதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசினோம். பயந்து வீட்டோடு இருப்பதற்காக அல்ல. கண்ணைத் திறந்து கொண்டு போவதற்காக.

பெயர், வயது எல்லாம் எழுதி வாங்கிக் கொண்டு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். என் மகனுக்குக் கொடுத்ததோ பெரியவர்கள் அளவு. கீழ்ப் பட்டையின் பூட்டு வேறு உடைந்து, கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. "சின்னதா வேற கொடுங்க" என்றேன். படகுக்காரர், "பத்து நிமிஷம்தானேம்மா போகணும், கெட்டியாக் கட்டிக்கச் சொல்லுங்க" என்றார். என் தம்பி மகனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் ஒரு சோதனை சொல்லியிருந்தார். சட்டையை மாட்டிய பிறகு இரண்டு தோள் பட்டையையும் பிடித்து மேலே தூக்க வேண்டும். சட்டை மட்டும் ஏறிக் காதைத் தொட்டால் அது அந்தக் குழந்தைக்கு உதவாது. தண்ணீரில் விழுந்தால் சட்டை மேலே, குழந்தை கீழே என்றாகிவிடும். தூக்கிக் காட்டினேன். சட்டை என் மகனின் மூக்கு வரை வந்தது.

படகில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள், "நேரமாகுது" என்று முணுமுணுத்தார்கள். இவரும், "விடேன், நான் பக்கத்திலேதானே இருக்கேன்" என்றார். நான் படகில் கால் வைக்கவில்லை. அப்போது நாத்தனார்தான், "தம்பி, என்னோடதையும் சேத்து எடுத்துக்குங்க. பிள்ளைக்கு வந்தப்புறம் எல்லாரும் ஏறறோம்" என்று தம் ஜாக்கெட்டையும் கழற்றி நீட்டினார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ஐந்து நிமிஷத்தில் எங்கிருந்தோ சின்ன அளவு ஜாக்கெட் வந்தது. அதே சாக்கில் இன்னொரு அம்மாள் தன் பெண் குழந்தைக்கும் சரியானதைக் கேட்டு வாங்கிக் கொண்டார். முணுமுணுத்தவர்களில் அவர் கணவரும் ஒருவர்!

குதிக்கும் குதிரை

ஸ்பீட் போட் என்றால் ரயிலில் போவது மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். அலையின் மேல் ஏறி ஏறி விழும். முன் பக்கம்தான் அதிகமாகக் குதிக்கும். பின் பக்கம் இஞ்சினுக்குப் பக்கத்தில் சத்தம் இருந்தாலும் ஆட்டம் குறைவு. இடுப்பு வலி, முதுகு வலி உள்ளவர்கள் பின்னால் உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் இந்தப் படகைத் தவிர்த்துவிட்டு, மெதுவாகப் போகும் பெரிய படகில் போகலாம். கைக்குழந்தைக்காரிகளுக்கும் அதுவே உத்தமம்.

வாந்தி வரும் என்று காலையில் பட்டினியாகப் போகிறவர்கள் உண்டு. வெறும் வயிற்றுக்குத்தான் குமட்டல் அதிகம். நாங்கள் கிளம்புவதற்கு ஒன்றரை மணி முன்னால் ஆளுக்கு இரண்டு இட்லி, காரமில்லாத சட்னி. எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. நாத்தனார் முந்தானையில் இஞ்சி முரப்பா முடிந்து வந்திருந்தார். கண்ணைத் தூரத்தில் தெரியும் கரை மேல் வைத்துக் கொண்டு, ஒரு துண்டை வாயில் அடக்கிக் கொண்டால் போதும். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்னாலேயே போட வேண்டும். தலை சுற்றின பிறகு போட்டால் பிரயோஜனமில்லை.

வேர்கள் பிடித்த பங்களாக்கள்

பத்தே நிமிஷத்தில் ராஸ் தீவு. 2018-ல் இதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1943 டிசம்பர் 30-ம் தேதி நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றியதன் 75-வது ஆண்டு நினைவாக.

1858-ல் கைதிகளைக் கொண்டு வந்து குடியேற்றியதிலிருந்து 1941 வரை வெள்ளைக்காரர்கள் இந்தக் குட்டித் தீவில் உட்கார்ந்துதான் அந்தமான் முழுவதையும் ஆண்டார்கள். கமிஷனர் பங்களா, மாதா கோயில், நீச்சல் குளம், ரொட்டி சுடும் கூடம், அச்சகம் எல்லாம் வைத்துக் கொண்டு ராஜ வாழ்க்கை. கட்டியவர்களும் சுமந்தவர்களும் கைதிகள். 1941-ல் ஒரு பெரிய பூகம்பம். அடுத்த வருஷம் ஜப்பானியர்கள் வந்து இறங்கினார்கள். அதோடு எல்லாம் முடிந்தது. இன்றைக்குச் சுவர்தான் மிச்சம். அந்தச் சுவரை ஆலமர இனத்து மரங்களின் வேர்கள் பாம்பு மாதிரி சுற்றிப் பிடித்துக் கொண்டு நிற்கின்றன. வேரை வெட்டினால் சுவர் விழுந்துவிடுமாம்! புள்ளிமான்கள் பக்கத்தில் வந்து கையை முகர்கின்றன. மயில்கள் நடமாடுகின்றன. தீனி போட வேண்டாம் என்று குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரொட்டி சுட்ட கூடத்தின் முன் நாத்தனார் நின்று விட்டார். "எத்தனை பேருக்குச் சுட்டிருப்பாங்க! சுட்டவனுக்கு ஒண்ணு கொடுத்திருப்பானா?" என்றார். சரித்திரப் புத்தகம் கேட்காத கேள்வி. சமையலறையில் ஆயுசைக் கழித்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

மேடும் பள்ளமுமான பாதை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு பாட்டரி வண்டி இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும்.

நார்த் பேயில்

மறுபடி படகு. மலையடிவாரத்தில் தென்னந்தோப்பும், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கலங்கரை விளக்கமும் தெரிகின்றன. வீட்டில் பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டு இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தென்னையும் கடலுமாகப் போட்டிருப்பது இந்தப் பக்கத்துக் காட்சிதான்.

கரையில் இறங்கியதுமே கூவிக் கூவி அழைக்கிறார்கள். தலையில் கண்ணாடிக் குடம் மாதிரி மாட்டிக் கொண்டு கடலடியில் நடப்பது, ஸ்கூபா, கண்ணாடிப் படகு என்று பலவிதம். எங்கள் தேர்வு ஸ்நார்க்லிங். ஆழத்துக்குப் போவதில்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி ஒன்று. வாயில் கவ்விக் கொள்ள, தலைக்கு மேல் நீட்டிக் கொண்டிருக்கும் குழாய் ஒன்று. தண்ணீரின் மேலேயே குப்புற மிதந்தபடி கீழே பார்க்க வேண்டியது. நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒரு ரப்பர் வளையம் கொடுத்து, வழிகாட்டிப் பையன் ஒருவன் பிடித்து இழுத்துக் கொண்டே வருகிறான்.

முதலில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் உண்டா என்று கேட்டிருந்தது. பலர் படிக்காமலே எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாத்தனாருக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை நடக்கிறது. "உண்டுன்னே எழுது" என்றார். டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்று அவரும் மகனுமாக, அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறிக் கொண்டார்கள்.

என் கதை வேறு. நான் பிறந்தது குடமுருட்டிக் கரையில். அண்ணன் தம்பிகள் பாலத்திலிருந்து குதித்து நீந்துவார்கள். அவர்கள் துணிமணிக்குக் கரையில் காவல் இருப்பது என் வேலை. வயதுக்கு வந்த பிறகு அதுவும் நின்று போயிற்று. நாற்பத்தாறு வயது வரை கழுத்தளவு தண்ணீரில் நான் நின்றதில்லை.

"வேண்டாம்னா நீ கரையிலே இரு, நான் பொண்ணோட போயிட்டு வரேன்" என்றார் இவர். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் கரையில் துணிமணிகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். "நானும் வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

வழிகாட்டிப் பையன் தமிழ்ப் பிள்ளை. தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். "அக்கா, மூக்காலே மூச்சு விடறதை மறந்துடுங்க. வாயாலே மெதுவா இழுங்க, மெதுவா விடுங்க. அவ்வளவுதான்" என்றான். இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்துப் பத்துத் தடவை பழக்கினான். முதல் மூன்று தடவை நான் தலையை விருட்டென்று தூக்கிவிட்டேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கொண்டு மூச்சு விடலாம் என்று உடம்பு நம்ப மறுக்கிறது. நாலாவது தடவை மகள் என் கையைப் பிடித்துக் கொண்டாள். என் மூச்சுச் சத்தம் எனக்கே உஸ், உஸ் என்று கேட்டது. மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். முப்பது வரை எண்ணியபோது பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கீழே பார்த்தேன். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பாறை. மான் கொம்பு மாதிரி கிளைத்த ஒன்று. மஞ்சளும் கறுப்புமாக வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஜோடி ஜோடியாக. விரல்களாக அசையும் ஒரு பூவுக்குள்ளிருந்து ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்து கொண்டது. பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் ஒன்று பாறையைக் கொறிப்பதைப் பார்த்தேன். அது பாறையோடு சேர்த்துத் தின்று, மாவாக அரைத்து வெளியே தள்ளுவதுதான் வெள்ளை மணலாகச் சேருகிறது என்று பையன் பிறகு சொன்னான். உரலும் குழவியும் வாயிலேயே வைத்திருக்கிறது!

வெளுத்துப் போன பவளம்

எல்லாம் வண்ணமயமாக இல்லை. எலும்பு மாதிரி வெளுத்தும், சாம்பல் பூத்தும் கிடந்த பாறைகளும் நிறைய. பவளப் பாறை என்பது கல் அல்ல. கோடிக்கணக்கான சின்ன உயிர்கள் சுண்ணாம்பைக் கூடாகக் கட்டிக் கட்டி வளர்த்த வீடு. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து உணவு தருகிறது. நிறத்தையும் அதுதான் தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் பட்டினியால் சாகும். அந்தமானில் 2010-லும் 2016-லும் இப்படி வெளுத்ததாம்.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பவளத்தை மிதிக்கக் கூடாது, தொடக்கூடாது. பல வருஷம் வளர்ந்தது ஒரு மிதியில் உடையும். நம் காலுக்கும் ஆபத்து. அதில் கீறினால் புண் லேசில் ஆறாது. ஞாபகார்த்தமாக ஒரு துண்டு என்று மடியில் கட்டிக் கொண்டு வருவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுகிறார்கள். நம் மோதிரத்தில் பதிக்கிறோமே சிவப்புப் பவளம், அது மத்தியதரைக் கடல் பக்கத்து வேறு ஜாதி. இங்கே கிடப்பதைப் பட்டை தீட்டினால் பவழ மாலை ஆகாது.

போகிறவர்கள் கவனத்துக்கு

புடவையும் துப்பட்டாவும் தண்ணீரில் காலைச் சுற்றும். முழுக்கைச் சட்டையும், கால் சராயும் போதும். வெயிலுக்கும் பாதுகாப்பு, களிம்பும் அதிகம் பூச வேண்டாம். சில களிம்புகளில் உள்ள மருந்துகள் பவளத்துக்குக் கெடுதல்.

தலைக்கும் முகத்துக்கும் அன்று எண்ணெய் வேண்டாம். முகமூடியின் ரப்பருக்குக் கீழே ஒரு முடி மாட்டினாலும் தண்ணீர் கசியும். பின்னலை இறுக்கிக் கட்டி, நெற்றி முடியை ஒதுக்கிவிடுங்கள். பெரிய மூக்குத்தி, தொங்கட்டான், கொலுசு இவற்றை அறையிலேயே கழற்றி வையுங்கள். தாலிக் கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊக்குப் போட்டுக் கொள்ளலாம்.

வாயில் கவ்வும் குழாய் பலர் வாயில் போய் வந்தது. நம் கண் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவித் தரச் சொல்லுங்கள். அடிக்கடி போகிறவர்கள் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

ஜலதோஷம், காது வலி இருக்கும் குழந்தையை அன்று இறக்காதீர்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் கண்ணாடிப் படகு சுலபம்.

தண்ணீரில் இருக்கும்போது தாகம் தெரியாது. ஆனால் உடம்பு வறண்டுவிடும். மேலே வந்ததும் இளநீர் குடியுங்கள்.

ஸ்கூபா செய்தவர்கள் மறுநாள் வரை விமானம் ஏறக் கூடாது. ஸ்நார்க்லிங்குக்கு அந்தத் தடை இல்லை.

சில கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். அங்கே கணுக்கால்கூட நனைக்காதீர்கள்.

நேரமும் மனசும் இருந்தால் வண்டூர் பக்கம் போய், மகாத்மா காந்தி தேசிய கடல் பூங்காவில் உள்ள ஜாலி பாய் தீவையும் பார்க்கலாம். அது வருஷத்தில் சில மாதங்களே திறந்திருக்கும். பிளாஸ்டிக் பைகளை அங்கே விடுவதில்லை. கட்டுச் சாதம் என்றால் எவர்சில்வர் டப்பாதான்.

முக்கியமாக, லைஃப் ஜாக்கெட்டைச் சோதித்து, படகில் ஆட்களை எண்ணிப் பார்த்து ஏறுங்கள். கூட்டம் அதிகம் என்று பட்டால் இறங்கி அடுத்த படகில் வாருங்கள். யார் என்ன முணுமுணுத்தாலும் சரி.

கண்ணாடிப் படகிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் அன்று மத்தியானம் முழுக்க வாய் ஓயவில்லை. "தண்ணிக்குள்ளே யாரு இவ்வளவு பெரிய கோலம் போட்டது!" என்று எல்லோரிடமும் சொன்னார். ஊர் திரும்பி மாத்திரைச் சீட்டுக்காக டாக்டரிடம் போனவர், "இந்த வயசிலே நீச்சல் கத்துக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஆழமில்லாத பக்கமாக, மெதுவாக என்று சொல்லி அனுப்பினாராம். பெண்களுக்கென்று காலையில் நடக்கும் வகுப்பில் நான், மகள், நாத்தனார் மூவரும் சேர்ந்தோம். இரண்டாவது வாரத்திலேயே நாத்தனாருக்கு மிதக்க வந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் வந்தபாடில்லை.